ரவைப் பதம்

தண்டையார்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள உஸ்மாவின் அத்தாவுக்கு, உங்கள் மனைவி நவ்ரீன் ஸலாம் கூறி எழுதுவது.

நீங்கள் நலமா என்று கேட்க மாட்டேன். போனில் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருக்கும் உங்களுக்கு, ஆலையில் உங்களோடு வேலை செய்யும் பிலால்தான் வாசித்துக் காட்டப்போகிறான். பிலால், திட்டையும் சேர்த்து வாசி.

உஸ்மாவுக்கு இருமல் தேவலை. அத்தா கண்ணுக்கு இன்னா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தூசி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை ஆபீசிலிருந்து தாளை வாங்க வருகிறார்களாமே. அவசரப்பட்டு வடிகட்டியை நானே திறந்தேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவீர்களாமே. யார் அவசரப்பட்டது? போன ரம்ஜானுக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து நீங்கள்தானே சொன்னீர்கள்? அலுமினா ஆலையில் சுண்ணாம்பைக் காரக் கரைசலில் போட்டு நாலு மணி நேரம் கிளறினால்தான் அது பரல் பரலாக விளையும், அந்தப் பரல் வடிகட்டித் துணிமேல் படிந்தால்தான் செஞ்சேறு நின்று தெளிவு இறங்கும் என்று. ரவைப் பதம் வரணும், மைதாவாட்டம் இருந்தா துணி அடைச்சுக்கும் என்றீர்கள்.

அன்றைக்கு அந்த ஷிஃப்டு அதிகாரி ஒரு மணி நேரத்திலேயே தொட்டியைத் திறந்துவிடச் சொன்னானா இல்லையா? துணி அடைத்துக்கொண்டதும் வடிகட்டியைத் திறக்க உங்களைத்தானே அனுப்பினான்? கொதிக்கிற காரம் உங்கள் முகத்தில் அடித்தது. பேமானி, அவன் அவசரத்துக்கு உங்கள் கண்ணா?

கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும் என்கிறீர்கள். கண் தெரியாதவருக்கு என்ன வேலை கொடுப்பான்? தப்பு உங்களுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டால் ஆறு மாதத்தில் துரத்திவிடுவான்.

பிலால், நிறுத்தாதே. இனி உனக்குத்தான். அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்து உன்னுடையதாம். அன்று பக்கத்தில் நின்றவன் நீ. தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த சாம்பிள் பொட்டலம் உன்னிடம் இருக்கிறது என்று போனில் நீதான் அழுதாய். அதன்மேல் சாம்பிள் எடுத்த நேரத்தை எழுதியிருப்பது அவர் கையெழுத்து. பிரித்துப் பார்த்தால் ரவையா மைதாவா என்று எவனுக்கும் தெரிந்துவிடும். அண்ணி அண்ணி என்று கூப்பிடும் அந்த வாயாலேயே அவரிடம் உரக்கச் சொல்: "பொட்டலம் என்னாண்ட கீது பாய். புதன்கிழமை நான் சொல்றேன்."

சொல்லிவிட்டாயா? அப்படியானால் அல்லாஹ் உன் இரண்டு கண்ணையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
நவ்ரீன்