லேசான மழை

அன்புத் தம்பி,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கான வானிலை அறிக்கையில் ‘மிகக் கனமழை’ என்றுதான் எழுதியிருந்தேன். வெளியிடும் முன் அமைச்சரின் உதவியாளர் போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை ஐயா ஆத்தோரம் கூட்டம் போடுறாரு. மழை பெருசா இருக்குமாம்மா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்.”

அவ்வளவுதான் கேட்டார். மாற்றச் சொல்லவே இல்லை. சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். நானாகத்தான் அதை அடித்து, ‘லேசான மழை’ என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? யாரும் மிரட்டவில்லையே! எங்கள் வானிலை மைய இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். “நாம தன்னாட்சி அமைப்பும்மா. நம்மள யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்க கணிப்பு, உங்க கையெழுத்து” என்கிறார். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கிறது. இப்போதும் திருத்தி வெளியிடலாம். கை எழ மாட்டேன் என்கிறது.

நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆற்றுச் சாலையில் பஸ் எடுக்காதே. வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிடு. அக்காவுக்காகக் கேள், ஏன் எதற்கு என்று டிப்போவில் யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்காதே.

அன்றைக்கு உன் பஸ்ஸை யார் ஓட்டப்போகிறார் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

உன் அக்கா