போக இறக்கம், வர ஏற்றம்

அன்பு மகளுக்கு,

முட்டி வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நாங்கள் இருவரும் சுகந்தான். நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்து உதைத்துக்கொண்டிருக்கும் சின்னவரும் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் போனில், வர வேண்டாம்மா, ஆஸ்பத்திரியில எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க என்று சொன்னாய். சொல்லும்போதே உன் குரல் உடைந்தது, எனக்குக் கேட்காமலா போகும்? பெற்றவள் காதுடி இது. பிரசவத்துக்கு உன் பக்கத்தில் இருப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உன் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை, அவரைத் தனியாக விட்டுவிட்டு வரவும் எனக்கு மனசு வரவில்லை. காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர், அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் அவருக்கு உயிர் கையில் இருக்காது. வாடகைக் காரில் போனாலே இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்துக்கொண்டே வரும்.

நான் தையல் மிஷின் மேல் உலகப் படத்தை விரித்து டேப்பை வைத்து அளந்து காட்டினேன், நம் ஊருக்கும் உன் ஊருக்கும் நடுவில் ஒரு சட்டைக் காலர் அகலம்கூட இல்லை. மனிதர் அசரவில்லை. டிராவல்ஸ் பெண் எழுதிக் கொடுத்திருந்த சீட்டை எடுத்து, சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்து, போக மூன்று மணி நேரம், வர எட்டு மணி நேரம் என்றார். அதெப்படி என்று கேட்டால், போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், மலைப்பாதையில் ஓட்டினவனுக்குத் தெரியாதா என்று ஒரே போடாகப் போட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, சிரிக்காதே. அன்றிலிருந்து மிஷினை மிதிக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். வானத்தில் ஒரு நீளச் சரிவு, அதில் மெல்ல வழுக்கிக்கொண்டே வந்து உன் வாசலில் இறங்குகிறேன், நீ தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறக்கிறாய். அந்த மயக்கத்தில் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன். அந்த அம்மா இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று அவரை எப்படியோ டிராவல்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் எங்கள் கணக்கைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உன் ஊர்க் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, போகவும் வரவும் ஒரே ஐந்தரை மணி நேரந்தான் என்று விளக்கினாள். அப்பா முகம் விழுந்துவிட்டது. வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விமானப் பயம் என்று நினைத்து நான் கிண்டல் செய்தேன். அப்போதுதான் சொன்னார், "ஏறி உட்கார்றதுக்கு எனக்கென்ன பயம்? புள்ளைய விட்டுட்டு எட்டு மணி நேரம் எப்படி உட்கார்ந்து வர்றதுன்னுதான் பயந்தேன். அஞ்சரைன்னு சொன்ன பிறகும் அந்தப் பயம் குறையலையே." அவர் கையைப் பிடித்து எழுப்பினேன். உள்ளே போனோம். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. திரும்பும் தேதி என்ன போடட்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். "ஏத்தத்த அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் அப்பா.

விமான நிலையத்துக்கு நீ வந்து அலையாதே, மாப்பிள்ளை வந்தால் போதும். அப்பாவை முன் சீட்டில் உட்கார வைக்கச் சொல், கால் மிதித்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்றும் சொல்லி வை. வேளாவேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாகப் பெற்றெடுத்து, நிறைந்து வாழ வேண்டும்.

இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு வரும்
உன் அம்மா