மருதம்மாளின் நெஞ்சும் மாப்பிள்ளை கேட்டதும்

திருப்பூர்
12-8-1967

அன்புள்ள கன்னையனுக்கு அம்மா எழுதுவது. முருகன் தயவில் நானும் உன் ஐயனும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் அக்கா மருதம்மாளைக் கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். இருதயத்தின் வேலை ரத்தத்தைத் தள்ளுவது மட்டும் இல்லையாம், தள்ளி முடித்துத் தளரும்போது இடப்பக்கத்துக் கீழ் அறை விரிந்து தானே ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம், தளர்ந்த உடனே பெரும்பகுதி நிரம்பிவிட வேண்டுமாம். இவளுக்குச் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததே, அதில் அந்த அறையின் வாசல் சுருங்கிவிட்டது, சரியாக நிரம்புவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிறது, உள்ளே போக முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கித்தான் இந்த மூச்சிரைப்பு. ஓடியாடினால் துடிப்பு கூடும், நிரம்பும் நேரம் இன்னும் குறையும், அதனால் ஓய்வு வேண்டும், வேலூரில் ஆபரேஷன் செய்து வாசலை அகலமாக்கலாம் என்றார்.

மாப்பிள்ளை சென்னிமலை அவிநாசிபாளையத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்தபோது ஐயன் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அவருடைய பனியன் கம்பெனியில் தையல் மிசினில் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தவள் இவள்தானே. மூச்சு வாங்கிக்கொண்டு அவளேதான் அவருக்குப் பரிமாறினாள், நான் கேட்டும் கரண்டியைத் தரவில்லை. அவர் தயிர்ச்சோற்றை வழித்து விரலை நக்கிக்கொண்டே, "இவ இனி மிசினுக்கு ஆக மாட்டாளுங்க அத்தை, சின்னவ சுப்பாத்தாளைக் கட்டிக் குடுத்துட்டீங்கன்னா இவளும் ஒரு மூலைல கெடந்துக்குவா" என்றார். உன் தங்கைக்கு மல்லிகைப்பூ வேறு பொட்டலம் கட்டி வந்திருந்தார், நோயாளிக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் இல்லை. மருதம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்து, "கை கழுவிட்டுப் பொறப்படுங்க, நான் இனி அங்க வரலீங்க" என்றாள், அந்தப் பூவையும் எடுத்து அவர் பையில் போட்டாள். அவர் போன பிறகு அந்த எச்சில் இலையைத் தொடவே எனக்குக் கூசியது.

அதைவிட அருவருப்பு உன் கடிதம். மாப்பிள்ளை உனக்கும் எழுதினாராம், குடும்பம் சிதறாமல் இருக்க இதுவும் ஒரு வழிதான் என்று நீ ஐயனுக்கு எழுதியிருக்கிறாய். நான் பெற்றவன் எழுதியதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன், பிறகு அடுப்பில் போட்டேன். அடுத்த மாதம் அவளை வேலூரில் சேர்க்கிறோம். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க உறவுக்காரர் யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டதும் உன் அக்கா யோசிக்கவே இல்லை, "எந்தம்பி வருவானுங்க" என்றாள். வந்து கொடு. நீ எழுதியது அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லப்போவதில்லை.

பம்பாய் மழையில் நனையாதே. முருகன் உனக்கு ஆயுளையும் அதோடு நல்ல புத்தியையும் தரட்டும்.

உன் அம்மா
பழனியம்மாள்