பகடை இல்லாத ஆட்டம்

பிப்ரவரி 6, திங்கள்

சோதனையில் பகடை போய்விட்டது. பீட்டோ சோப்பைச் செதுக்கிச் செய்தது. "சூதாட்டப் பொருள்" என்று காவலர் பூட்ஸால் நசுக்கினார். நாங்கள் சூதாடவில்லை. பூதங்கள் இருக்கும் மலையில் இரண்டு பேர் வழி தேடுகிற கதையை ஆடுகிறோம். கதையை நடத்துவது நான். அந்த இரண்டு பேராக வெண்டலும் பீட்டோவும். வெட்டு விழுமா, தப்புமா என்று பகடைதான் சொல்லும். அது இல்லாவிட்டால் மூன்று பேர் உட்கார்ந்து கதையளப்பது, அவ்வளவுதான்.

இந்த ஒஹையோ கவுண்டி சிறையில் எங்கள் பிளாக்கில் யாருக்கும் இன்னும் தண்டனை விழவில்லை. ஜாமீன் கட்ட வக்கில்லை, அதனால் உள்ளே. நான் இரவல் வாங்கி ஓட்டியது திருட்டு வண்டியாம்.

பிப்ரவரி 9, வியாழன்

புது விதி. ஆடுபவனும் நானும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும். இரண்டையும் கூட்டு. பத்தைத் தாண்டினால் பத்தைக் கழி. பெரிய எண் என்றால் பிழைத்தான், சின்ன எண் என்றால் செத்தான்.

"செத்தா செத்ததுதான்," என்றான் பீட்டோ. "அப்புறம் மூக்கச் சிந்திக்கிட்டு வரக் கூடாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"சரிங்க, நீதிபதி ஐயா," என்றான் வெண்டல்.

பிப்ரவரி 17, வெள்ளி

வெண்டல் பயந்தால் ஏழு காட்டுகிறான். ஒரு கை முழுசும், மறு கையில் இரண்டும். ஒவ்வொரு தடவையும். அவனுக்கே தெரியாது.

இன்று கதையில் பாலம் உடைந்தது. அவனுடைய கோடாலிக்காரி டெஸா கயிற்றில் தொங்கினாள். காலையில்தான் அவன் அம்மா போனில் அழுதிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தேன். மூன்று காட்டினேன். பத்து.

பிளாக்கே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 20, திங்கள்

விஷக் கிணறு. மறுபடியும் மூன்று.

பிப்ரவரி 27, திங்கள்

பல் துலக்கும்போது பீட்டோ பக்கத்தில் வந்து நின்றான். "நோலன், அவனுக்கு மட்டும் கை குடுக்குற. நேத்து என் ஆள ஓநாய் கொதறுனப்ப உன் கை எங்க போச்சு?"

இல்லை என்று சாதித்தேன். பிறகு கோபம்தான் வந்தது. எதிர் அறைப் பையன் மேலும் வெண்டல் மேலும் ஒரே சட்டப் பிரிவில்தான் வழக்கு. அவன் அப்பா வந்தார், ஜாமீன் கட்டினார், சாயங்காலம் பையன் வீட்டில். அந்தச் சட்டம் வளையலாம். என் விரல் வளைந்தால் மட்டும் துரோகமா?

மார்ச் 2, வியாழன்

வெண்டலுக்கு அரசு கொடுத்த இலவச வக்கீல் வந்துபோனாள். துப்பாக்கியோடு கடைக்குள் போனது அவன் சித்தி மகன். வெண்டல் வெளியே காரில் இருந்தான், விஷயம் தெரியாமல். அப்படித்தான் சொல்கிறான். நான் நம்புகிறேன். ஜூரி நம்ப வேண்டுமே. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நான்கு வருடம். விசாரணைக்குப் போய்த் தோற்றால் பதினைந்து வரை.

கையெழுத்துப் போட மாட்டானாம்.

"எனக்கு ராசி ஓடுது மச்சான். நீயே பாக்குறல்ல? பாலம், விஷம், அந்த ஓநாய்ங்க... எதுலயாவது செத்தேனா?"



மார்ச் 3, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"ராசியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. பயந்தா நீ ஏழு காட்டுவ. தெரிஞ்சுக்கிட்டு நான் மூணு காட்டுவேன். அவ்ளோதான்டா."

"அந்த வக்கீலம்மா உன்னப் பேசச் சொன்னாளா?"

"கைய நீட்டு. காட்டுறேன்."

நான்கு காட்டுவதாக முடிவு செய்துகொண்டேன். ஏழும் நாலும் பதினொன்று, பத்துப் போக ஒன்று. செத்தான். கண்ணால் பார்த்தாலாவது புரியும்.

அவன் ஆறு காட்டினான். ஆறும் நாலும் பத்து.

ஏழு என்று நானே சொல்லிக்கொடுத்த பிறகு எவன் ஏழு காட்டுவான்? அறிவு வேண்டாமா எனக்கு? அவன் கட்டிலில் விழுந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "இப்ப என்ன சொல்ற, சொல்லு."



மார்ச் 21, செவ்வாய்

வெண்டலின் விசாரணை தொடக்கம். வக்கீல் கொண்டுவந்த சட்டையில் அவன் கழுத்தோடு இன்னொரு கழுத்தும் போகும்.

மார்ச் 22, புதன்

குற்றவாளி. ஜூரி உள்ளே போய், காபி ஆறுவதற்குள் திரும்பிவிட்டார்களாம்.

ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. பீட்டோ தன் நூடுல்ஸைச் சத்தமில்லாமல் அவன் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான்.

"நெஜமாவே நீதான் காப்பாத்துனியா?" என்றான் வெண்டல்.

"ஆமாடா."

"பாலத்தப்பவே சொல்லியிருக்கலாம்ல."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மார்ச் 31, வெள்ளி

பன்னிரண்டு வருடம்.

ஏப்ரல் 6, வியாழன்

மாநிலச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 11, செவ்வாய்

எனக்கும் வக்கீல் வந்தார். திருட்டு வண்டி என்று தெரிந்தே ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டால் பதினெட்டு மாதம். "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார். பேனா கேட்டேன். படித்துப் பார்க்கவில்லையா என்றார். இல்லை.

பிளாக்குக்குத் திரும்பியதும் கையெழுத்துப் போட்டதைப் பீட்டோவிடம் சொன்னேன்.

"திருட்டு வண்டின்னு உனக்குத் தெரியாதுன்னு சொன்னியே?"

"தெரியாதுதான்."