உன் விளக்குக்காகச் சாத்திய சன்னல்

உன் ஸ்ட்ராபெரி பெட்டியை இன்று கழுவினேன். மூடியைத் திறந்ததும் பாதி பழ வாசனை, பாதி கடல் வாசனை. நம் மலையில் கியா பார்ம் தோட்டங்களின் காய்கறிகளைக் கோலாலம்பூரில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இந்தப் பெட்டியில்தானே எனக்கு அந்த மென்பவளத்தை, உயிருள்ள கடல் பவளத்தை, கொண்டுவந்தாய்? உள்ளங்கை அளவு, காளான் குடை மாதிரி. "புள்ளயத் தூக்கியாந்த மாதிரி மெதுவா லோரி ஓட்டுனேன்டா" என்றாய். நீ மெதுவாக ஓட்டியதை நான் இன்றுவரை நம்பவில்லை.

தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டில் ஒருவன் கண்ணாடித் தொட்டியில் கடல் வளர்க்கிறான் என்று எஸ்டேட்டே சிரித்தது. நண்பன் நீ மட்டும் தினமும் சாயங்காலம் தொட்டியைப் பார்க்க வருவாய். செருப்பைக் கழற்றும் முன்பே சன்னலைத் திறப்பாய். "என்னாடா, ஐஸ்பெட்டி மாதிரி வீட்டப் பூட்டி வச்சிருக்க? காத்து வரட்டும்லா!" பனி உள்ளே வரும். நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உன்னைத் திட்டுவேன்.

நீ போன பிறகு உன் படத்தைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். உனக்குப் பிடித்த இடம் அதுதான். காலையும் மாலையும் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி. காற்றில் உன் விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று சன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியும் திணித்தேன்.

அடுத்த வாரமே பவளம் சுருங்க ஆரம்பித்தது. தலையில் நீட்டியிருந்த மெல்லிய விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மேலே மெழுகு மாதிரி ஓர் ஆடை. தோல் உரிக்கிறது, வழக்கம்தான், நாலு நாளில் சரியாகும் என்று இருந்தேன். மூன்று வாரம் ஆனது. உப்பை அளந்தேன், சரியாக இருந்தது. ஹீட்டரும் சரி. தண்ணீரை மாற்றினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், நீரோட்டத்தைத் திருப்பி விட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. அடித்தண்டும் கறுக்கத் தொடங்கியது. நீ கொடுத்ததில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

என் மனைவிதான் இருமிக்கொண்டே கேட்டாள். "ஏங்க, தண்ணியயே பாத்துக்கிட்டு இருக்கீங்களே. அண்ணன் இருந்தப்ப இந்த வீட்ல என்னா இருந்துச்சு, இப்ப என்னா இல்ல?"

அவள் இருமலில்தான் எனக்கு உறைத்தது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் இந்த அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. பூட்டிய அறையின் கெட்ட காற்றையும் உன் சாம்பிராணிப் புகையையும் இத்தனை வாரமாக அதற்கு ஊட்டியிருக்கிறேன். தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் காற்றோட்டம் பார்ப்பதே என் வேலை! உனக்கு மரியாதை செய்கிறேன் என்று உன் பிள்ளைக்கே மூச்சு முட்ட வைத்த மடையன் நான்.

உன் படத்தை முன்னறைக்கு மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. துணியை உருவிச் சன்னலைத் திறந்தேன். ஐந்தாம் நாள் அந்த ஆடை உரிந்து தண்ணீரோடு போனது. இன்று காலை ஓர் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு விரல்கள் நீட்டியிருந்தன. பார்த்ததும் அழுதுவிட்டேன். கறுத்த இடத்தை இன்னும் கவனிக்க வேண்டும். நன்றாகத் தேறியதும் தனியே வளரும்படி ஒரு துண்டு வெட்டி, தானா ராத்தாவில் இருக்கும் உன் மகளுக்குக் கொண்டுபோவேன். அதற்குத்தான் பெட்டியைக் கழுவினேன்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே சன்னலைத் திறக்கிறேன். என் மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு திட்டுகிறாள். நீ வாங்கிய திட்டையெல்லாம் இப்போது நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.