அந்த ‘அவங்க’ யாரு?

ஆண்டிமடம்
8.6.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

நான் நலம். நீ நலத்துக்கும் மேலே இருப்பதாகக் கேள்வி. போனில் பேசினால் என் குரல் ஏறிவிடுகிறது, அதனால் கடிதம்.

நம் பேப்பரின் பெரம்பலூர் ஆபீசுக்கு மூன்று மாதம் செய்தி திருத்தப் போனவள், முதலில் புருஷன் செய்தியில்தான் கை வைத்திருக்கிறாய். முந்திரி விவசாயிகள் கூட்டத்தை ஒரே வாக்கியத்தில் பதினெட்டு வரிக்கு எழுதினேன். ஆறு துண்டாக வந்திருக்கிறது. போதாததற்கு, “யார் சொன்னது?” என்று எனக்கே வாட்ஸ்அப். ‘கூறப்படுகிறது’ என்று போட்டிருந்தேனே! இந்தத் தாலுகாவில் எல்லாமே அப்படித்தான் கூறப்படுகிறது.

எல்லாம் உங்கள் ஆசிரியர் கோகுலகிருஷ்ணன் சொல்லிக்கொடுத்ததாம். தலையில் முடிகூட முழுசாக இருக்கிறதாம். நான் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அங்கே போய்வந்த போட்டோகிராபர் அறிவரசன், “அவங்க இல்லாம ஆபீஸே ஓடாதுன்னு சார் சொல்றாருண்ணே” என்றான். கவியாவும் ஹாஸ்டலில்; நம் வீடும்தான் ஓடவில்லை. மாதக் கடைசியில் வந்துவிடுவாய்தானே?

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
12.6.2025

அன்புள்ள கவியா அப்பாவுக்கு,

அந்த ‘அவங்க’ நானில்லை. டீ கொண்டுவரும் கலியம்மாள் அக்கா. நான் டம்ளரோடு பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். சாருக்கு உங்களைவிட நெற்றி அகலம்.

அறிவரசனிடம் யாரென்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் செய்தியும் அப்படித்தான்: ‘வியாபாரி அரியமுத்து, சங்கத் தலைவரிடம் அவர் எடையில் ஏமாற்றியதாகத் தெரிவித்தார்.’ ஏமாற்றியது யாருங்க? அப்படியே அச்சாகியிருந்தால் ரெண்டு பேரும் நம் வாசலில் நின்றிருப்பார்கள். இத்தனை வருஷம் நீங்கள் எழுதியதை அடுப்படியில் வைத்து நான் திருத்தினேன். நான் இங்கே வந்ததும் உங்கள் வாக்கியம் நீண்டுவிட்டது.

அறிவரசன் போன பிறகு ஒன்று நடந்தது. இங்கேயே நிரந்தரமாக வேலையில் இருந்துவிடுகிறீர்களா என்று சார் கேட்டார். “இருக்கேன் சார். நானே கேக்கணும்னுதான் இருந்தேன்” என்றேன். சொன்னது நான்தான். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஹேமலதா


ஆண்டிமடம்
15.6.2025

ஹேமா,

உன் கடிதத்தில் வெட்டுவதற்கு ஒரு சொல்லாவது அகப்படுமா என்று தேடினேன். இல்லை.

எனக்குப் பொறாமைதான். கோகுலகிருஷ்ணன் மேல் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல். அதே வேலைக்குப் போன வருஷம் நானும் எழுதிப் போட்டேன். பதிலே வரவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மிக்ஸியையும் உன் புடவைகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அங்கே வாடகைக்கு வீடு பார்ப்பாய் அல்லவா? ஒருத்திக்கா, ரெண்டு பேருக்கா? அதை மட்டும் தெளிவாக எழுது.

அமிர்தலிங்கம்