தட்டைக் கூரையில் ஒரு வைக்கோல் மனிதன்

கோபன்ஹேகன், ஜூன் 1953

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வேலை போகவில்லை.

எங்கள் கட்டிடக் கலைஞர் லுண்டால் கட்டும் வீட்டுக்குக் கூரை ஏறியதும், உச்சியில் இலைமாலை மாட்டும் விருந்துக்கு, தச்சர்கள் நாங்கள் வழக்கம்போல் பீரும் சாசேஜும் கேட்டோம். "தட்டைக் கூரை. மாலை மாட்ட உச்சியே இல்ல, விருந்து எதுக்கு?" என்றார். விருந்து தராதவரின் கூரையில், கஞ்சர் என்று ஊருக்குக் காட்ட, வைக்கோல் பொம்மை ஏற்றுவது நம் உரிமையாயிற்றே! அவர் கண்காட்சிக்கு வடிவமைத்த புது நாற்காலியில் அதை உட்காரவைத்து, அவரைப்போலவே கழுத்தில் பட்டாம்பூச்சி டை கட்டி, வாயில் பைப்பும் செருகினேன்.

"உன் சீட்டு கிழிஞ்சுது, பிர்த்தே," என்றார் தச்சு மேஸ்திரி ஓவெ.

லுண்டால் ஏணியேறி வந்தார். பொம்மை நழுவி விழுந்தது. தூக்கி உட்காரவைத்தார், மறுபடி நழுவியது. தானே அந்த நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்து பார்த்தார், அவரும் நழுவினார்.

"நீங்கல்லாம் மரியாதைக்குக் காலைத் தரையில ஊனிக்கிட்டு உட்கார்ந்து, நாற்காலி நல்லாருக்குன்னு சொன்னீங்க. இவன் ஒருத்தன்தான்யா உண்மையைச் சொன்னான். பீர் வாங்கிட்டு வாங்க, இவனுக்கும் சேர்த்து," என்றார் லுண்டால்.

புகைபோட்ட மீன் கொஞ்சம் அனுப்புங்கள். நாய் இன்னும் என் கட்டிலில்தான் படுக்கிறதா?

மேஸ்திரி கூப்பிடுகிறார். நாற்காலியைத் திருத்தும்வரை நான்தான் அதில் வைக்கோல் பொம்மைபோல் சரிந்து உட்கார வேண்டுமாம். வீட்டில் எதற்குத் திட்டுவீர்களோ, அதற்கு இங்கே சம்பளம்.

அவசரமாக,
பிர்த்தே